பதினாலு நாளுக்கும் டிக்

ஒட்டாதீங்க சிஸ்டர். அந்த டிக் போட்ட தாள மட்டும் செவுத்துல ஒட்டாதீங்க. மத்த அப்பா அம்மாவுக்கு எடுத்துக் காட்டுற அளவுக்கு நான் ஒண்ணும் கிழிச்சிடல. அட, அடக்கமெல்லாம் இல்லீங்க. அந்தத் தாளக் கீழ வைங்க, சொல்றேன்.

நீங்க படம் போட்டதுல ஒரு குறையும் இல்ல. சூரியனுக்குப் பக்கத்துல குளிக்கிற தொட்டி, கீழ வெள்ளக் களிம்பு டப்பா, செவந்த எடத்துக்கு மட்டும் சின்ன டியூப்பு. நிலாவுக்குப் பக்கத்துலயும் அதே. என்ன மாதிரி நாலாங்கிளாஸுக்கே புரியுது. ஈரம் காயுறதுக்குள்ள தடவணும், மேலருந்து கீழ, அழுத்தாம. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஆனா நீங்க வரைஞ்ச கை இருக்கே, அது பூ மாதிரி கை. இதப் பாருங்க. இருபது வருசமா மரம் இழைக்கிற கை. சும்மா தொடுங்க. உப்புத்தாள் மாதிரி இல்ல? புள்ளைக்கு முழங்கை மடிப்புல கரப்பான் புண்ணு வெடிச்சிக் கெடக்கு, அது மேல இது பட்டா அஞ்சு வயசுப் புள்ள என்ன பண்ணும்? மொத நாளே கத்தித் தீத்துட்டா. அப்பா வேணாம்ப்பா, வேணாம்ப்பான்னு. மறுநாள் டப்பா தொறக்குற சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில பூந்துட்டா. சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு மூடி வெச்சேன். அந்த நாளைக்கு வரவேயில்ல.

அவ அம்மாவா? விடியுறதுக்கு முன்னாடி வேலைக்குப் போனா, புள்ள தூங்குனப்புறம்தான் வருவா. தடவியாச்சான்னு கேப்பா. ஆச்சும்பேன்.

டிக்கா? அது இன்னைக்குக் காலையில பஸ்ஸுல போட்டது. பதினாலு நாளையும் ஒரே மூச்சுல. நம்பணுமேன்னு ரெண்டு பேனாவ மாத்தி மாத்தி வேற போட்டேன். அந்தப் புத்திக்கு மட்டும் கொறச்சல் இல்ல.

இவ்வளவு ஒழுங்கா தடவியும் கரப்பான் கேக்கலியேன்னு உள்ள டாக்டர் பெரிய மருந்து எழுதிட்டு இருக்காரு. ரத்தம் எடுத்து எடுத்துப் பாத்துக் குடுக்குற மருந்தாம். நீங்க போய் நிறுத்துங்க சிஸ்டர், புண்ணியமாப் போகும்.

அவருகிட்டயே சொல்லியிருக்கலாம்தான். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள அவரு புள்ளப் பக்கம் திரும்பி, அப்பா தெனம் தடவி விடுறாரா பாப்பான்னு கேட்டாரு. அவ என் மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, ஆமா டாக்டர், ரெண்டு வேளையும் தடவுறாரு, வலிக்கவே இல்லன்னுட்டா.