கொஞ்சம் மெதுவான எஸ்எஸ்டி

லோர்னா: இதைவிட மெதுவா ஒண்ணு இல்லையா?

ரஸ்: என்னது?

லோர்னா: மெதுவா. சாவகாசமா. காது நல்லாத்தானே கேக்குது உனக்கு?

ரஸ்: டீச்சர், பதினேழு வருஷமா இந்தக் கம்ப்யூட்டர் கடைய நடத்தறேன். எஸ்எஸ்டி டிஸ்க் வாங்க வந்துட்டு இப்படி யாருமே கேட்டதில்... சரி, நிறைய பேர் கேட்டதில்ல.

லோர்னா: நான் கேக்கறேன். விலை கம்மியா இருக்கணும். பத்து வருஷம் உழைக்கணும். அவசரப்படக் கூடாது.

ரஸ்: நீங்க சொல்றது எஸ்எஸ்டி இல்ல டீச்சர். எங்க மாமனார்.

லோர்னா: மூணாம் வகுப்புலயும் இப்படித்தான் பேசுவ. வெளியில நிக்க வச்சேன்.

ரஸ்: ஜனவரி மாசக் குளிர்ல.

லோர்னா: வகுப்புக்கு வெளியிலதானே? கட்டடத்துக்குள்ளதான் இருந்த. இந்தா, ருபார்ப் பார் செஞ்சேன், அந்தப் புளிப்புத் தண்டு போட்ட கேக். எடுத்துக்கோ.

ரஸ்: ஐயோ, எதுக்கு டீச்சர் சிரமம்...

லோர்னா: ஒண்ணே ஒண்ணு.

ரஸ்: இல்ல, இப்பத்தான் சாப்பிட்டேன்.

லோர்னா: சின்னத் துண்டாவது.

ரஸ்: மூணாவது தடவை சொல்லிட்டீங்க. இனிமே வேண்டாம்னா மரியாதையா இருக்காது.

லோர்னா: எப்படி இருக்கு?

ரஸ்: ...வித்தியாசமா இருக்கு.

லோர்னா: அவ்வளவு மோசமாவா?

ரஸ்: நான் அப்படிச் சொல்லலையே.

லோர்னா: மினசோட்டாக்காரன் மோசம்னு வேற எப்படிடா சொல்லுவான்? எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரர் டுவேனுக்கு சர்க்கரை ஏறிப்போச்சு, அதான் இனிப்பைக் குறைச்சேன்.

ரஸ்: குறைச்சீங்களா, எடுத்தே விட்டீங்களா?

லோர்னா: விஷயத்துக்கு வா. டிஸ்க்.

ரஸ்: யாருக்கு? உங்களுக்கா, அவருக்கா?

லோர்னா: வீட்டுல இருக்கறது ஒரே கம்ப்யூட்டர்தான். சமையல்கட்டு மூலையில, பின்வாசல் பக்கத்துல. ஒரு மாசமா உள்ள டிக் டிக்குனு சத்தம்.

ரஸ்: பழைய சுத்தற டிஸ்க். போகப்போகுது.

லோர்னா: அதுலதான் டுவேனோட பதினோரு வருஷக் குறிப்பு இருக்கு. நம்ம துறைமுகத்துக்கு இரும்புத்தாது ஏத்த வந்த கப்பல் ஒண்ணு விடாம. வந்த நேரம், போன நேரம், எத்தனை டன்னு.

ரஸ்: ரிட்டையர் ஆகியும் விடலையா?

லோர்னா: முப்பது வருஷம் ஏத்தினார். இப்போ எண்ணிட்டிருக்கார். அந்தக் குறிப்பு போச்சுன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.

ரஸ்: அப்போ நம்பகமானதுதான் வேணும். பாருங்க, உள்ளுக்குள்ள இது ஒரு வகுப்பறை மாதிரி. விலை கம்மியான டிஸ்க்ல ஒரு மேசைக்கு நாலு பசங்கள உக்கார வச்சிருப்பான். கொஞ்சம் நல்லதுல மூணு பேர்.

லோர்னா: நாலு பேரை உக்கார வச்சா ஒரு வேலையும் நடக்காதே.

ரஸ்: அதேதான். நிறைய எழுதச் சொன்னா திணறும். மேசையும் சீக்கிரம் தேஞ்சுடும்.

லோர்னா: அப்போ நாலு பேர் உக்கார்றதுதான் மெதுவானது.

ரஸ்: ஆமா.

லோர்னா: அதைக் குடு.

ரஸ்: டீச்சர், தேஞ்சுடும்னு சொன்னேன். அதுக்கு மூணு வருஷம்தான் வாரண்டி. மூணு பேர் மேசைக்கு அஞ்சு வருஷம். ஒன்பது டாலர்தான் கூட.

லோர்னா: ஒன்பது டாலர் பெரிசில்ல. அந்த நாலு பேர் டிஸ்க் போட்டா கம்ப்யூட்டர் திறக்க எவ்வளவு நேரமாகும்?

ரஸ்: இருபது செகண்டு.

லோர்னா: மூணு பேருது?

ரஸ்: பதினஞ்சு.

லோர்னா: இது ஒரு வித்தியாசமா? பழைய மாதிரி சுத்தறதையே குடுத்துடேன்.

ரஸ்: பின்வாசல் கதவை டுவேன் எப்படிச் சாத்துவார்னு இந்தத் தெருவுக்கே தெரியும். சுத்தற டிஸ்குக்கு அதிர்வு ஆகாது. புதுசுன்னா அதுவும் ஒண்ணரை நிமிஷத்துல திறந்துடும். இப்ப மாதிரி ஒன்பது நிமிஷமெல்லாம் ஆகாது.

லோர்னா: ஒன்பது நிமிஷம்னு உனக்கு யார் சொன்னது?

ரஸ்: ...பழைய டிஸ்க்னா சுமாரா அவ்வளவு ஆகும்.

லோர்னா: சரியா ஒன்பதுதான் ஆகுது.

ரஸ்: அனுபவம், டீச்சர்.

லோர்னா: கணக்குல நீ எப்பவும் மட்டம்.

ரஸ்: சரி, ஒண்ணு கேக்கறேன். எல்லாரும் வேகம் வேணும்னுதான் வருவாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

லோர்னா: சும்மாதான்.

ரஸ்: சும்மாவா இந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்தீங்க?

லோர்னா: லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். புத்தகம்கூட வண்டியில இருக்கு.

ரஸ்: டீச்சர்...

லோர்னா: காலையில எழுந்ததும் ஸ்விட்சைத் தட்டுவார். அது திறக்கற வரைக்கும் வேற போக்கிடம் இல்லாம மேசைக்கு வந்து உக்காருவார். காப்பி ஊத்துவேன். பேசுவார். திறந்துச்சுன்னா ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு துறைமுகக் கேமராவுல கப்பல் பாக்க உக்காந்துடுவார். அப்புறம் மத்தியானம் வரைக்கும் எனக்கு அவர் முதுகுதான்.

ரஸ்: என்ன பேசுவார்?

லோர்னா: பெரிசா ஒண்ணுமில்ல. ஏரியில எத்தனை அங்குலம் ஐஸ், பக்கத்து வீட்டு நாய்... போன ஜனவரியில ஒருநாள் அவர் தம்பி செத்ததைப் பத்திப் பேசினார். இருபத்தாறு வருஷத்துல அதுதான் முதல் தடவை. ஆரம்பிச்சதே ஏழாவது நிமிஷம். பாதியில கம்ப்யூட்டர் திறந்துடுச்சு.

ரஸ்: அப்புறம்?

லோர்னா: எழுந்து போயிட்டார். மீதிய மறுநாள் காலையில சொன்னார். எனக்கு அந்த ஒன்பது நிமிஷம் வேணும் ரஸ். அவ்வளவுதான்.

ரஸ்: இதை அவர்கிட்டயே சொல்லிடலாமே. கொஞ்ச நேரம் பேசிட்டு இருப்போம்னு.

லோர்னா: நீ உன் பொண்டாட்டிகிட்ட அப்படிச் சொல்லுவியா?

ரஸ்: ...இன்னொரு ருபார்ப் பார் இருக்கா?

லோர்னா: பாத்தியா?

ரஸ்: புது டிஸ்க் பத்தி அவர் என்னதான் சொன்னார்?

லோர்னா: அவருக்கென்ன, ஆசைதான். “புதுசு போட்டா உனக்கும் சமையல் குறிப்பு உடனே வந்துடும், சௌகரியம்”னார். நான் என்னத்தச் சொல்ல? “நல்லதுதான்”னு சொன்னேன்.

ரஸ்: நல்லதுதான்னு சொன்னீங்களா?

லோர்னா: அவர் ஆசைய ஏன் கெடுக்கணும்?

ரஸ்: அதுக்கு அவர் என்ன சொன்னார்? அதே வார்த்தைய சொல்லுங்க.

லோர்னா: ஜன்னலைப் பாத்துட்டு இருந்தார். “தட்டின உடனே திறக்குமாம். காலையில வித்தியாசமா இருக்கும்”னார்.

ரஸ்: வித்தியாசமா இருக்கும்னார்.

லோர்னா: ஆமா.

ரஸ்: டீச்சர், நான் இதை வாயில வச்சதும் என்ன சொன்னேன்?

லோர்னா: வித்தியாசமா இருக்...

ரஸ்: நீங்க என்ன கேட்டீங்க?

லோர்னா: அவ்வளவு மோசமாவான்னு...

ரஸ்: தண்ணி வேணுமா?

லோர்னா: வேண்டாம்.

ரஸ்: ஒரு வாய் குடிங்க.

லோர்னா: வேண்டாம்டா. கப்பலைப் பத்திச் சொல்லியிருப்பார். காலையில கப்பல் சீக்கிரம் தெரியும்ல, அந்த அர்த்தத்துல.

ரஸ்: இருக்கலாம்.

லோர்னா: நீ அந்த மூணு பேர் டிஸ்கையே குடு. நல்லதையே போடு. குறிப்பெல்லாம் பத்திரமா இருக்கட்டும். ஆனா உள்ள ஏதாவது பண்ணி, திறக்க ஒன்பது நிமிஷம் ஆகற மாதிரி செய்ய முடியுமா?

ரஸ்: முடியும்.

லோர்னா: யோசிக்காமச் சொல்ற?

ரஸ்: சின்ன வேலை. “தயாராகிறது, காத்திருக்கவும்”னு திரையில ஒரு வட்டம் சுத்தும். நிஜத்துல சும்மாதான் இருக்கும்.

லோர்னா: எத்தனை நாளாகும்?

ரஸ்: ஆகாது. தயாரா இருக்கு.

லோர்னா: அதெப்படி தயாரா இருக்கும்? நான் இப்பத்தானே கேக்கறேன்.

ரஸ்: அதுவும்... அனுபவம்தான், டீச்சர்.

லோர்னா: ரஸ். என் மூஞ்சியப் பாத்துப் பேசு. டுவேனுக்கு மட்டும் இது தெரியவே கூடாது.

ரஸ்: அதுதான் கொஞ்சம் சிக்கல். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் ஏற்கெனவே ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்.

லோர்னா: யாருக்கு?

ரஸ்: மேசைக்குக் கீழ ஒரு டிஸ்க் டப்பா இருக்குல்ல, அதுல ஒட்டியிருக்கற பேரைப் படிங்க.

லோர்னா: கண்ணாடி எடுத்துட்டு வரல... டி... டுவேன் டொலஃப்சன். செவ்வாய்க்கிழமை. இது... என்கிட்ட நல்லதுதான்னு... நானே சொன்னேனே, நல்லதுதான்னு...

ரஸ்: அதை நம்பித்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னார்.

லோர்னா: அவரும் ஒன்பது நிமிஷம்தான் கேட்டாரா?

ரஸ்: இல்ல டீச்சர். அவர் பன்னண்டு கேட்டார்.