ஒப்பாரிக்கு ஏத்த கேமரா

பானுமதி: ...பெருசா இருந்தாத்தான் நல்லா எடுக்கும்கறது அந்தக் காலம்மா. இப்பெல்லாம் கேமரா சின்னதுதான். பாருங்க, உள்ளங்கைக்குள்ள அடங்குது. ஃபுல் ஹெச்.டி. தக்காளிக் கூடையில போட்டு எடுத்துட்டுப் போலாம்.

ஜானகி: நசுங்காது?

பானுமதி: தக்காளி நசுங்கும். இது நசுங்காது.

ஜானகி: மழைக்கு?

பானுமதி: லேசாத் தூறினா தாங்கும். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. பயணத்துக்கா, தொழிலுக்கா? அதுக்குத் தக்கன எடுத்துக் காட்டுவேன்.

ஜானகி: பயணத்துக்குத்தான் கண்ணு.

பானுமதி: காசி, ராமேஸ்வரம்னு...

ஜானகி: அவ்வளவு தூரம் இல்ல. மாரண்டஹள்ளியில எங்க வூட்டுல இருந்து ஏரிக்கரை வரைக்கும்.

பானுமதி: ஏரிக்கரையில என்னங்கம்மா இருக்குது? சுடுகாடுதானே...

ஜானகி: அங்கதான். ஏன் முழிக்கற? என் சாவை எடுக்கணும். பூப்பல்லக்கு, மேளம், வர்ற சனம், அதெல்லாம் வேண்டாம். ஒரே ஒருத்தி மூஞ்சி போதும். கிட்டக்கப் புடிக்கணும்.

பானுமதி: அம்மா... உடம்புக்கு ஏதாவது முடியலையா?

ஜானகி: கல்லாட்டம் இருக்கறேன். காத்தால மார்க்கெட்டுல தக்காளியை எறக்கிட்டு, ரெண்டு போண்டா தின்னுட்டுத்தான் உங்கடைக்கு வர்றேன்.

பானுமதி: அப்புறம் என்ன அவசரம்?

ஜானகி: செத்தப்புறம் கேமரா வாங்க நானா பஸ் ஏறி பாலக்கோடு வர முடியும்? உனக்குப் புரியாது. அந்த மூஞ்சி நெசமா அழுவுதா, மூக்கை மட்டும் சிந்துதான்னு எனக்குத் தெரியணும்.

பானுமதி: அதுக்கு ஜூம் இருக்குதுங்க. தூரத்துல நின்னு எடுத்தாலும் கண்ணுல தண்ணி உருள்றது தனியாத் தெரியும். ஆனா அதுக்கு செல்போனே...

ஜானகி: வேண்டாம். செல்லை நீட்டினா சனம் மூஞ்சிய மாத்திக்கும். இதுன்னா மாலைக்குள்ள சொருகி வச்சிடலாம்.

பானுமதி: பாடை ஆடுமே, அதையும் யோசிச்சீங்களா? இதுல ஆட்டத்தைச் சரி பண்ற வசதி இருக்குது.

ஜானகி: அது முக்கியம். எங்க ஊர்ல தூக்கறவனுங்க நெதானத்துல இருக்க மாட்டானுங்க. பேட்டரி நிக்குமா? பெங்களூருல இருந்து கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் எங்க வூட்டுல பொணம் எடுக்க மாட்டாங்க.

பானுமதி: கூட ஒரு பேட்டரி தர்றேன். வாரண்டி ஒரு வருசம்.

ஜானகி: அதுக்குள்ள செத்தாகணுமா?

பானுமதி: அய்யோ, அப்படி இல்லீங்கம்மா...

சென்னம்மா: பானு, கடையில கூட்டமா? கூட்டமா இருந்தா அப்புறம் வர்றேன்.

பானுமதி: வாங்கம்மா, வாங்க. ஒருத்தர்தான் இருக்காங்க.

சென்னம்மா: அந்த ஒருத்தர்தான் கூட்டம்.

ஜானகி: உள்ள வர்றவங்க செருப்பை மட்டும் வெளிய விட்டாப் பத்தாது, நாக்கையும் விட்டுட்டு வரணும்னு போர்டு எழுதி வை பானு.

பானுமதி: ரெண்டு பேருக்கும் பழக்கமா?

சென்னம்மா: இல்ல.

ஜானகி: எம் ஓரகத்தி. நான் மூத்தவருக்கு வாக்கப்பட்டேன், இவ சின்னவருக்கு. ஒரே செவுத்துக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் இவ.

சென்னம்மா: எந்தப் பக்கம் இருந்தா என்னான்னு கேளு.

பானுமதி: அவங்கதான் பக்கத்துலயே இருக்காங்களே, நீங்களே கேக்கலாமே...

சென்னம்மா: அந்தம்மாகிட்ட எனக்குப் பேச்சு இல்ல. சத்தியம். கோயில் வாசல்ல சூடத்தைக் கையால அணைச்சுட்டுச் சொன்னேன். 'இனி உன் சாவுக்குத்தான் உங்கிட்ட வாயைத் தொறப்பேன்'னு.

பானுமதி: ஓ... அப்ப, அந்த ஒரே மூஞ்சி...

ஜானகி: இந்த மூஞ்சிதான். நானும் பேசிப் பாத்துட்டேன் கண்ணு. செவுத்தைத் தட்டிப் பாத்தேன். கொழம்பு குடுத்தனுப்பினேன், சட்டி கழுவி வந்துச்சு, பேச்சு வரல. சத்தியத்தை மீற மாட்டா, அவ்வளவு வீம்பு. நான் செத்தாத்தான் பேசுவா. பேசறப்ப என்னால கேக்க முடியாது. அதுக்குத்தான் கேமரா.

பானுமதி: எல்லாம் சரிங்கம்மா. எடுத்ததை அப்புறம் யாரு பாப்பாங்க? நீங்கதான் இருக்க மாட்டீங்களே. அதை யோசிக்கலையா?

ஜானகி: அதுக்கும் ஏதாவது வசதி இருக்கும்னு நெனச்சேன். ஹெச்.டி.ன்னு சொன்னியே.

சென்னம்மா: இவ்வளவுதான் பானு அறிவு. சரி, நான் வந்த வேலைய முடிக்கறேன். எனக்கும் ஒரு கேமரா வேணும். சின்னதா. பஸ்ல மடியில வச்சுட்டுப் போற மாதிரி.

பானுமதி: உங்களுக்கு எதுக்குங்கம்மா?

சென்னம்மா: தொழிலுக்கு.

பானுமதி: என்ன தொழில்?

சென்னம்மா: ஒப்பாரி.

ஜானகி: அது மட்டும் நெசம். சுத்துப்பட்டுல எந்த எழவுக்கும் இவ போவாம பொணம் எழும்பாது. பெத்த மவனே அழாத வூட்டுலகூட, இவ வாயைத் தொறந்தா வேலைக்காரன் வரைக்கும் அழுவான்.

சென்னம்மா: மெச்சிக்கறது யாரா இருந்தாலும் எனக்குக் காது கேக்கல. பானு, ஏரியூர்ல ஒரு சாவுல நான் பாடினதை எவனோ செல்லுல எடுத்து யூடியூப்ல போட்டுட்டான். மேளச் சத்தத்துல எங்குரலே விழல. அதுக்கே 'சூப்பர் அக்கா'ன்னு எழுதறாங்க. எழவு வூட்டுல என்ன சூப்பர்? ஒழுங்காக் கேக்கற மாதிரி நாமளே எடுத்துப் போடலாம்னு வந்தேன்.

பானுமதி: உங்களுக்கு இதேதான் சரி. தனி மைக் சொருகலாம். மேளத்தைக் கொறைச்சு உங்க குரலைத் தூக்கிக் குடுக்கும். ஆனா...

சென்னம்மா: ஆனா என்ன?

பானுமதி: ஒண்ணுதான் இருக்குது.

ஜானகி: நான் மொதல்ல வந்தேன்.

சென்னம்மா: நான் சாவறதுக்கு முன்னாலயே உபயோகப்படுத்துவேன்னு சொல்லு.

ஜானகி: எனக்குக் குடு. இவ பாடறதுதானே இதுல வரப்போவுது? என் சாவுக்கும் இவதானே வருவா?

சென்னம்மா: வருவேன்னு யாரு சொன்னது?

ஜானகி: சத்தியம் பண்ணியிருக்கற. வந்துதான் ஆவணும்.

பானுமதி: அய்யய்யோ, இருங்க, இருங்க. அப்படி என்னதான் நடந்துச்சு? சூடம் அணைக்கற அளவுக்கு?

சென்னம்மா: கேமராவாலதான். கேக்கறியா? அந்தம்மா மவ ராதிகா கல்யாணம். பந்தக்கால் நட்டதுல இருந்து நான் கண்ணை மூடல. வெறகு, அடுப்பு, பந்தி, எச்சிலை வரைக்கும் எங்கையிதான். வீடியோ சி.டி. வந்துச்சு. ஊரே கூடி உக்காந்து பாத்தோம். எல்லாரும் இருக்காங்க. வாசல்ல படுத்திருந்த நாய் இருக்குது, ரெண்டு வாட்டி வருது. நான் இல்ல.

பானுமதி: சில சமயம் விட்டுப் போயிரும்...

சென்னம்மா: விட்டுப் போவல. வீடியோக்காரனைக் கேட்டேன். 'அந்தம்மாதான் உங்களை வெட்டச் சொன்னாங்க'ன்னான்.

பானுமதி: நெசமாங்களா ஜானகிம்மா?

ஜானகி: சொன்னேன்.

பானுமதி: ஏங்க?

ஜானகி: அதைச் சொல்ல முடியாது.

சென்னம்மா: பாத்தியா? அன்னைக்கும் இதே பதில்தான். கறுப்பா இருக்கறேன்னா? கிழிஞ்ச ரவிக்கைன்னா? சம்பந்தி வூட்டுக்கு முன்னால நான் கேவலமா? ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?

ஜானகி: சொல்ல முடியாதுன்னா சொல்ல முடியாது. எல்லாம் நான் செத்தப்புறம்.

சென்னம்மா: செத்தப்புறம் எப்படிச் சொல்லுவாங்களாம்? அதுக்கும் ஹெச்.டி.யா?

பானுமதி: நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? யாரு வாங்கினாலும் டெஸ்ட் பண்ணாம வாங்கக்கூடாது. மைக், ஜூம் ரெண்டும் பாக்கணும். இந்த பெஞ்சுல ஒருத்தர் படுங்க. ஒருத்தர் பாடுங்க.

சென்னம்மா: படுக்கறதுன்னா?

பானுமதி: செத்த மாதிரி.

ஜானகி: நான் சாவறேன்.

சென்னம்மா: பொய்ச்சாவுக்கெல்லாம் என் சத்தியம் எடங்குடுக்காது.

பானுமதி: நீங்க என்னன்னு சத்தியம் பண்ணினீங்க? 'நெசச் சாவுக்கு'ன்னா?

சென்னம்மா: 'சாவுக்கு'ன்னுதான்...

பானுமதி: அப்புறம் என்னங்க?

ஜானகி: கால் கட்டை வெரல் ரெண்டையும் கட்டு கண்ணு. இல்லாட்டி ஒழுங்கா இருக்காது.

பானுமதி: கவுறு இல்லீங்கம்மா. சார்ஜர் வயர்ல கட்டட்டா?

ஜானகி: கட்டு. எரியப் போற காலுதானே.

பானுமதி: அண்ணே, உள்ள வராதீங்க, கொஞ்சம் கழிச்சு வாங்க! கடையில சாவு!... இல்லீங்கண்ணே, யாரும் இல்ல, டெஸ்டுக்கு!... ம், ஓடுதும்மா. ரெக்கார்டு ஆவுது. பாடுங்க.

சென்னம்மா: வெறுங்கடையில எப்படிப் பாடறது? மனசு வரணும்.

பானுமதி: அவங்க மூஞ்சியப் பாருங்க.

சென்னம்மா: ...இளைச்சுட்டா.

பானுமதி: என்னங்க?

சென்னம்மா: ஒண்ணுமில்ல. பாடறேன்...

பாலக்கோடு சந்தையிலே
பழம் பழமாக் கூடை வச்சே
பழுத்த பழம் நீயிருக்க
பறிச்சானோ பாவி எமன்!

ஒத்தைச் செவுரு நடுவிருக்க
ஒட்டிக் காது வச்சிருந்தேன்
நீ இருமும் சத்தம் கேட்டு
நான் எழுந்து உக்காந்தேன்!

ஜானகி: நான் இருமறது உனக்குக் கேக்குதா?

சென்னம்மா: பொணம் பேசக்கூடாதுன்னு சொல்லு பானு!

பானுமதி: பேசாம படுங்கம்மா. குரல் நல்லா விழுது. மேல போங்க.

சென்னம்மா:

கஷாயம் காச்சி வச்சேன்
கதவு வரை கொண்டு வந்தேன்
கட்டிவச்ச சத்தியத்தால்
கால் திரும்பிப் போனேனே!

ஊர்ச்சோறு நான் ஆக்க
உம்மவ கல்யாணம் நான் பாக்க
ஓரகத்தி எம்மொகத்தை
ஒதுக்கினியே பாதகத்தி!

என்ன கொறை கண்டயம்மா
எதுக்காக வெட்டினயோ
ஏன்னு ஒரு சொல்லு சொல்லி
எழுந்திருச்சுப் போவலாமே!

ஜானகி: சொல்றேன் சென்னி. நீ எனக்காக இப்படி அழறப்ப, சொல்லாம எப்படிப் போவேன்? கேளு. எந்திரிச்சுச் சொல்றேன்...

சென்னம்மா: எந்திரிக்காத! எந்திரிச்சா சாவு முடிஞ்சுரும். அப்புறம் எனக்குப் பேச்சு இல்ல. படுத்தே சொல்லு.

ஜானகி: சரி, படுத்தே சொல்றேன். சி.டி. போடறதுக்கு முன்னால வீடியோக்காரன் எனக்கு மட்டும் போட்டுக் காட்டினான். நீ வர்ற. சமையல் பந்தல்ல நிக்கற. சுத்திமுத்திப் பாக்கற. தட்டுல இருந்து ஜிலேபிய எடுத்து, மடியில வச்சு முடியற. அப்படியே விழுந்திருக்குது, தெளிவா. சம்பந்தி வூட்டுல எல்லாரும் டி.வி. முன்னால உக்காந்து பாப்பாங்க. 'சின்னவ ஜிலேபி திருடறா'ன்னு வாயைப் பொத்திட்டுச் சிரிப்பாங்க. அப்ப உங்க வூட்டுல கஷ்டம். கெணறு வத்திப் போச்சு. புள்ளைங்களுக்குத்தான் எடுக்கறன்னு எனக்குத் தெரியும். 'அந்த ஒரு எடத்தை மட்டும் வெட்டுடா'ன்னேன். அந்தப் படுபாவி, நீ இருக்கற எடத்தையெல்லாம் வெட்டிட்டான்.

பானுமதி: இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்கம்மா!

ஜானகி: எப்படிச் சொல்றது? 'நீ திருடினது படத்துல வந்துச்சு, அதான் வெட்டினேன்'னு வாசல்ல நின்னு சொல்ல முடியுமா? சொன்னா அவ மானம் போவும். சொல்லாட்டி எனக்குத்தானே கெட்ட பேரு. வந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். அவ பேசாம இருந்ததுதான்... அது மட்டும் தாங்க முடியல சென்னி. ஜிலேபிதானே, எங்கிட்டக் கேட்டிருந்தா சட்டியோட புள்ளைங்களுக்குக் குடுத்திருப்பேனே.

சென்னம்மா: எம் புள்ளைங்க அன்னைக்குத் தின்ன முடியாம எலையில மீத்தி வச்சுட்டு எந்திரிச்சாங்க. அவங்களுக்கு எதுக்கு ஜிலேபி? பொண்ணைப் பெத்தவன்னு காத்தால இருந்து பச்சைத்தண்ணி பல்லுல படாம நின்ன. கண்ணு சொருகிப் போய்த் தூணைப் புடிச்சுட்டு நின்ன, அதை நான் ஒருத்திதான் பாத்தேன். அந்த ஜிலேபி உனக்குத்தான் எடுத்தேன், அக்கா. கொண்டாந்தா, நீ ராதிகாவைக் கட்டிப் புடிச்சு அழுதுட்டிருந்த, எப்படிக் குடுக்கறது? மடியிலயே பிசுபிசுன்னு ஒட்டிப் போச்சு... ஏய், எந்திரிக்காத! இன்னும் கொஞ்ச நேரம் செத்தே இரு. நான் பேசி முடிக்கல.