ஆறாவது புஸ்தகத்துல பால்டி ஆன்ட்டி

...நீயே சொல்லு நீலா, ஞானஸ்நானம் குடுத்து வச்ச பேரு எனக்கு ஒண்ணு இருக்கா இல்லியா? மில்ட்ரெட். ஸ்கூல் ஆபீஸ்ல இருவத்திரண்டு வருசமா டைப் அடிக்கேன். நீ வாரதுக்கு முன்னாடி ஒன் மகன் தேஜஸ் வந்து, 'பால்டி ஆன்ட்டி, அம்மா உறைமோர் கேட்டாங்க'ங்கான். பிள்ளை மேல தப்பு சொல்லல. சாகண்ல இருந்து நீங்க இங்க குடிவந்து நாலு நாளுதான் ஆகுது, அதுக்குள்ள அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு. கட்கி பஜார்ல கொத்தமல்லி விக்கிற மராட்டிக்கார அம்மாகூட 'என்ன பால்டி ஆன்ட்டி'ங்கா. பால்டின்னா வாளிம்மா. நான் வாளி ஆயிட்டேன்.

எல்லாம் அந்த அனந்தராமன் செஞ்ச வேல. எதித்த வீடு, மாடி. பேங்க்ல உத்தியோகம், லீவு நாள்ல பிள்ளைகளுக்குக் கதை எழுதுவாரு. இங்கிலீஷ்லதான். சோனுன்னு ஒரு பையன். பெரிய சூரன்லாம் இல்ல. பேய் கெடையாது, கொள்ளைக்காரன் கெடையாது. நம்ம லைன் வீடுக மாதிரி ஒரு லைன்ல இருக்க சாதாரணப் பய. மொதப் புஸ்தகத்துல அவன் ஒத்தச் செருப்பு சாக்கடையில போயிருது. தேடுதான். நூத்தியிருவது பக்கம் தேடுதான்ம்மா. நான் அடுப்புல பாலை வச்சிட்டுப் படிச்சேன், பாலு அம்புட்டும் பொங்கி ஊத்திட்டு. ரெண்டாவதுல தண்ணித்தொட்டி மேல ஒரு ஆடு ஏறிருது. எப்படி ஏறுச்சுன்னு கடைசி வரைக்கும் அந்த மனுசன் சொல்லவே இல்ல. எனக்கு இன்னும் தெரியணும்.

சரி, அத விடு. ஆறாவதுல நான் வாரேன். பேரை மாத்திட்டாராம், பெரிய உபகாரம். பால்கனில பூப்போட்ட நைட்டியோட ஒரு பொம்பள. கீழ பந்து சத்தம் கேட்டா வாளியோட வந்து மடார்னு தண்ணிய ஊத்துவா. படம் வேற போட்டிருக்காவ. மூக்கப் பாத்தாலே தெரியுதுன்னு எங்க பாஸ்டரம்மா சொல்லுதாவ. சபையில சின்னப்பிள்ளைக என்னயக் கண்டா தலையில கைய வச்சிக்கிட்டு ஓடுதுக.

எங்க வீட்ல அவிய என்ன செய்யணும்? போயி ரெண்டு வார்த்தை கேக்க வேண்டாமா? பேக்டரில முப்பது வருசம் தோட்டா செஞ்ச மனுசன், சோபாவுல சாஞ்சிக்கிட்டு, 'படத்துல கொஞ்சம் ஒல்லியாத்தான் போட்டிருக்கான், மில்ட்ரெட்'ங்காவ.

இரும்மா, உறைமோர் எடுத்துத் தாரேன். என்ன அவசரம்?

ஒங்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது... ஊத்தினது நான்தான். ஆனா எதுக்கு ஊத்தினேன்னு கேளு. அஞ்சு புஸ்தகத்துல லைன்ல இருக்க அம்புட்டு பேரும் வந்தாச்சு. கீழ்வீட்டு சரசா வாரா. அவ காயப்போட்ட அப்பளம் வருது, அதுக்கு ரெண்டு பக்கம். பால்காரன் வாரான். நான் இல்ல. எங்க மகன் பெனிஸ்டன் வேலைக்குன்னு பெங்களூரு போயிட்டான். ஞாயித்துக்கெழம ஒரு எஸ்.டி.டி. போன், அம்புட்டுதான். சாயங்காலமானா ஒக்காந்து அந்தப் புஸ்தகத்துல பக்கம் பக்கமா என்னயத் தேடுதேன். இல்லவே இல்ல.

நேரா போயிக் கேட்டுட்டேன். 'ஏன் சார், நான் இந்த லைன்ல இல்லியா?' கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிக்கிட்டே சொல்லுதாரு, 'ஆன்ட்டி, நீங்க ஆபீஸ் போறேள், வரேள். இதுல நான் என்னத்த எழுதறது?'

அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல.

அடுத்த ஞாயித்துக்கெழம அவரு ஜன்னல்ல ஒக்காந்திருக்காரு. கீழ அவரு மகன் அபினவ் பந்து வெளையாடுதான். எடுத்தேன், ஊத்தினேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல, மே மாசம், சிரிச்சிக்கிட்டு இன்னொரு தடவ வந்து நின்னான். அவரு நிமிரவே இல்ல. மறு ஞாயிறும் ஊத்தினேன். மூணாவது ஞாயிறு ஊத்தினதும் பேனாவ எடுத்தாரு. நான் பாத்தேன். அன்னைக்கு நெத்திலிக் கொழம்பு வச்சேன் நீலா, அம்புட்டு சந்தோசம்.

நேத்து வந்து நிக்காரு. 'எல்லாரும் கேலி பண்றாளாமே, ஆன்ட்டி. கஷ்டமா இருந்தா ஏழாவதுல உங்களை ஊருக்கு அனுப்பிடறேன்.' எந்த ஊருக்குன்னேன். எங்க சொந்த ஊரு நாசரேத்துக்காம். திரும்பி வரமாட்டேனாம். நானும் ஒரு வீறாப்புல, 'நல்லா அனுப்புங்க'ன்னுட்டேன். வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்தேனா பாரு. போனா அம்புட்டுதான? சோனுவுக்கு என்ன, வேற ஆன்ட்டி கெடைப்பா.

அதான் இன்னைக்குக் காலையில... நீ யார்ட்டயும் சொல்லாத. அவரு வீட்டம்மாவும் அபினவும் கோயிலுக்குப் போனதும், மெதுவா மாடியேறி அவரு வாசக்கதவ வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. மொதல்ல தட்டினாரு, பெறகு கூப்பிட்டாரு. இப்பச் சத்தமே இல்ல. எழுதத்தான் செய்யுதாருன்னு நெனைக்கேன். இந்த மாதிரி ஒருத்திய எவனாவது ஊருக்கு அனுப்புவானா, சொல்லு. குறைஞ்சது பத்து பக்கம் வரும்...

நீலா... எங்கம்மா போற? அது அவரு வீட்டு மாடிப்படில்லா, ஒன் வீடு இந்தப் பக்கம்.