லக்கலைக்கு ஒரு வேன்

— அந்த சட்டிய அங்கனயே வைங்க நானா, நாங்க கழுவிக்கிறோம். தானம் குடுக்க வர்றவங்க யாரும் குசினிக்குள்ள வந்து சட்டி கழுவுறதில்ல. சோத்த போட்டுட்டு, ஒரு போட்டோ புடிச்சிட்டு போயிடுவாங்க. நீங்க மட்டுந்தான் மாசா மாசம் இங்க வந்து நிக்கிறீங்க.

— பரவாயில்ல தங்கச்சி. நெய் புடிச்ச சட்டி, லேசுல போகா. ஏன் ரொஷானி, அந்தக் கடைசி ரூம்ல கட்டில்களுக்கு மேல பை எல்லாம் கட்டி வச்சீக்கி? ஆரும் போறாங்களா?

— போறாங்க. நாளைக்கு காலைல வேன் வருது. இந்த நாலந்தா ஹோம்ல தமிழ் மட்டும் பேசுற வயசானவங்க எல்லாரையும் லக்கலக்கி மாத்துறாங்க.

— லக்கலக்கா? அங்க எனத்த ஈக்கி? காடும் ஆனயுந்தானே ஈக்கி.

— புது ஹோம் ஒண்ணு கட்டியிருக்காங்க. மாகாணத்துல இருந்து பெரிய ஆளுங்க எல்லாம் வந்து கூட்டம் வச்சாங்க, டீ ஊத்த என்னையும் கூப்புட்டாங்க. செவத்துல படம் போட்டு காட்டினாங்க நானா. இன்னும் கொஞ்ச வருசத்துல எங்க பாத்தாலும் வயசானவங்கதான் இருப்பாங்களாம். புள்ளைங்க எல்லாம் கொழும்புலயும் வெளிநாட்டுலயுமாம். அதுக்கு இப்பவே ஆயத்தமாகணுமாம்.

— அதுக்கு ஏன் லக்கலக்கி போகணும்?

— இங்க வேல செய்றவங்கள்ல என்னைய விட்டா எல்லாரும் சிங்களம். நான் லீவு போட்டா, ஒரு கெழவன் வயித்துவலின்னு சொன்னாக்கூட யாருக்கும் வெளங்காது. போன மாசம் எல்கடுவ ரபாயேல் தாத்தா ராவெல்லாம் தண்ணி கேட்டு கத்தியிருக்காரு, பைத்தியம்னு நெனச்சு கதவ சாத்திட்டாங்க. அதனால தமிழ் பேசுறவங்கள ஒரு எடத்துல வச்சு, தமிழ் தெரிஞ்ச நர்சம்மா போடப் போறாங்க. ஒங்க ஆளுங்களுக்கு ஹலால்ல தனி சமையல், தொழுவ ஒரு ரூம். எங்க ஆளுங்களுக்கு மாசத்துக்கு ஒரு தரம் பாதர் வருவாரு. யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க, தப்பு சொல்ல முடியாது.

— நல்ல விசயந்தானே. ஆரெல்லாம் போற?

— ரபாயேல் தாத்தா, காது கேக்காத ஸக்கரியா, அந்த தெரேசாம்மா, அப்பறம் ஸமத் அப்பா.

— எந்த ஸமத்?

— இங்க ஒரு ஸமத்துதான் நானா இருக்காரு. நீங்க கொண்டுவந்து சேத்தவரு. பைப்ப மூடுங்க. தண்ணி வெளிய போகுது.

— அவர எப்பிடி அதுல போட்ட? அவருக்கு சிங்களம் தெரியாதெண்டு ஆரு சென்ன? தம்புள்ள சந்தையில நாப்பது வருசம் வெங்காயம் வித்த மனிசன் தங்கச்சி. லொறிக்காரனோட சிங்களத்துல சண்ட புடிச்சா சந்தையே வேலய விட்டுட்டு நிண்டு கேக்கும்.

— நீங்க கூட்டிட்டு வந்த அன்னைக்கு, ஹோம் மெடத்துக்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா நானா? நாந்தான் பக்கத்துல நின்னேன். மாத்தளயில ஒங்க செருப்புக் கடை வாசல்ல ராவுல படுத்துக் கெடந்தாரு, பாவம் பாத்து கூட்டிட்டு வந்தேன், யாரு எவருன்னு தெரியாதுன்னு சொன்னீங்க.

— அது... பொறகு ஆக்கள் செல்லி கேள்விப்பட்ட.

— எந்த ஆளுங்க?

— சந்தை ஆக்கள். மாத்தளயில எல்லாருக்கும் எல்லாரையும் தெரியுந்தானே.

— அப்ப அவரு புள்ள யாருன்னும் அந்த ஆளுங்களுக்கு தெரிஞ்சிருக்கணுமே.

— தங்கச்சி, அத விடுங்க. ஒங்ககிட்ட ஒண்டு கேக்குற. அந்தப் பேர வெட்டி விட ஏலுமா? மெடத்துக்கிட்ட செல்லி எப்பிடியாவது. அவர் இங்கயே ஈக்கட்டும்.

— முடியாது. பேரெல்லாம் எழுதி மேல அனுப்பியாச்சு. ஒரே ஒரு வழிதான் இருக்கு. சொந்தக்காரங்க யாராச்சும் வந்து, இவருக்கு நாந்தான் பொறுப்புன்னு கையெழுத்து போட்டு ஊட்டுக்கு கூட்டிட்டு போகணும். மெடம் சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ்லதான் இருப்பாங்க.

— சொந்தம் இல்லாட்டி?

— இல்லாட்டி லக்கலதான்.

— அங்க எப்பிடி போய் வாற? இங்க எண்டா வெள்ளிக்கெழம ஜும்ஆக்கு பொறகு கடய பூட்டிட்டு பஸ்ல ஏறினா நாலந்தாக்கு வந்துரலாம். லக்கலக்கி போனா அண்டக்கி திரும்ப ஏலா. கடைக்கி ஆரு? ஊட்டுக்கு ஆரு?

— தானம் குடுக்கிறவருக்கு என்னா நானா கவல. வேற ஹோம் எத்தனையோ இருக்கு. மாத்தள டவுன்லயே குடுங்களேன்.

— பகிடி பண்ணாதீங்க தங்கச்சி.

— பகிடி இல்ல. கோவம். எனக்கு ஒங்க மேல ரொம்ப நாளா கோவம் நானா. எல்லாருக்கும் ஒரு கரண்டி சோத்த போட்டுட்டு மடமடன்னு போவீங்க. ஸமத் அப்பா கட்டில் வந்ததும் ஒங்க காலு நின்னுடும். கோழியில எலும்ப எடுத்து, சோத்த பெசஞ்சு, ஊதி ஆத்தி வைக்கிறீங்க. வாசல்ல கெடந்தவனுக்கு யாரு அப்புடி செய்வா? போன தரம் அவரு கால் நகத்த வெட்டி விட்டுட்டு, நான் வர்றத பாத்ததும் அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்க. நான் தேயிலத் தோட்டத்து லயத்துல பொறந்து வளந்தவதான், கண்ணு நல்லாவே தெரியும். சொல்லுங்க நானா. இங்க நம்ம ரெண்டு பேரு மட்டுந்தான் இருக்கோம்.

— எங்கட வாப்பா.

— தெரியும்.

— மெடத்துக்கும் தெரியுமா?

— நான் சொல்லல.

— அல்லாஹ்வுக்காக சொல்லீராதீங்க. நான் கெட்டவன் இல்ல தங்கச்சி. பொய் செல்லவும் ஆசப்படல. மொதல்ல வேற எடத்துக்கு போய் உள்ளதத்தான் சென்ன. 'புள்ள ஈக்கிற ஆக்கள நாங்க எடுக்கிறதில்ல, நீங்களே பாருங்க' எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. எப்பிடி பாக்குற? என்ட பொஞ்சாதி மபாஸா குவைத்துல. அங்க ஆருடயோ உம்மாவ கழுவித் தொடச்சி சோறூட்டுறா. அந்த சல்லியிலதான் எங்கட அடுப்பு எரியிது. இங்க கடைக்கி மேல ரெண்டே ரூம், ரெண்டு கொமரு புள்ளகள். வாப்பாக்கு ஒரு பக்கம் இழுத்த பொறகு சாரன் இடுப்புல நிக்கிறதில்ல. நான் கீழ கடையில. எங்கட மூத்தவ ஜெஸ்லா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிட்டு அவர கழுவுவா. ஸ்கூலுக்கு போறதயும் விட்டுட்டா. ஒரு நாள் மேல ஏறி போன நேரம், புள்ள செவத்துல தலய வச்சிட்டு அழுது. வாப்பாவும் அழுறாரு. அண்டக்கித்தான் முடிவெடுத்த.

— அந்தப் புள்ளய நெனச்சாலும் பாவமாத்தான் இருக்கு.

— அவளுக்கும் தெரியா. ஊர்ல எல்லாருக்கும் கண்டியில மாமி ஊட்ல ஈக்கிறாரு எண்டு செல்லி வச்சீக்கி. வாப்பாவ ஹோம்ல போட்டவன் எண்டு பள்ளிவாசல்ல தெரிஞ்சா எங்கட மொகத்துல முழிப்பாங்களா? புள்ளகளுக்கு மாப்புள வருமா?

— நானா, நானும் யோக்கியம் இல்ல. எங்க அம்மாவ லயத்துல தனியா விட்டுட்டுத்தான் இங்க வந்து மத்தவங்க அம்மாவுக்கு தல சீவுறேன். பக்கத்து காம்பரா ஆளுங்க ஒரு வாய் கஞ்சி குடுத்தா உண்டு. ஒங்கள ஏசுறதுக்கு எனக்கு வாயில்ல. ஆனா நீங்க இன்னைக்கு கையெழுத்து போடலாம். எங்க நிஷாந்தினி, என் தங்கச்சிதான், மாத்தளயில கடை ஒண்ணுல கூட்டிப் பெருக்குறா. பகல்ல வந்து அவர கழுவி சாப்பாடு குடுக்க சொல்றேன். ஜெஸ்லா ஸ்கூலுக்கு போகட்டும். ஏதோ ஒரு வழி பண்ணலாம் நானா.

— பொய் செல்லி சேத்ததுக்கு என்னய புடிச்சி உள்ள போட்டா?

— ஏசுவாங்க. நல்லா ஏசுவாங்க. அதுக்கு மேல ஒண்ணும் செய்ய மாட்டாங்க. ஒரு கட்டில் மிச்சமாகுதுன்னு சந்தோசப்படுவாங்க.

— ஊராக்கள் ஏச மாட்டாங்களா?

— ஏசட்டும். ரெண்டு மாசம் ஏசுவாங்க. அப்பறம் வேற ஆளு கெடைச்சிடுவான்.

— பொறுங்க தங்கச்சி. நான் ஒண்டு செல்ற, கேளுங்க. வாப்பாக்கு என்னய தெரியுமெண்டா, இண்டக்கே தோள்ல தூக்கிட்டு போவேன். அல்லாஹ் மேல ஆண. இங்க கொண்டுவந்து விட்ட பொறகு அவருக்குத்தான் நான் ஆரெண்டே தெரியாதே. நான் சோறு வச்ச நேரம் எனத்த செல்ற தெரியுமா? 'அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்வான் முதலாளி' எண்டு. என்ட மொகத்த நேராப் பாத்து, முதலாளி எண்டு. என்னய மகன் எண்டு கூப்புட்ட வாய். மொதல் தரம் அத கேட்டுட்டு பஸ் ஹோல்ட்டுல நிண்டு சின்னப் புள்ள மாதிரி அழுத.

— ம்.

— பொறகு யோசிச்ச, அதுவும் ஒரு ரஹ்மத்துத்தான். மூள போனது நல்லம். நான் விட்டுட்டு போனது அவருக்கு தெரியா. மகன் ஒருத்தன் ஈக்கிறதே தெரியா. அது மட்டும் இல்லாட்டி எனக்கு ராவுல கண்ணு மூடா. ஒண்டும் வெளங்காத மனிசனுக்கு நாலந்தாவும் ஒண்டு, லக்கலயும் ஒண்டு. இப்ப கூட்டிட்டு போனாலும், ஆருடயோ ஊட்டுக்கு கொண்டுபோற எண்டுதான் நெனப்பாரு. பயந்து போவாரு. செல்லுங்க, நான் செல்றது பிழையா?

— அப்ப போகட்டும்ங்கிறீங்க.

— போகட்டும். நீங்கதானே சென்ன, தமிழ் ஆக்கள் ஈப்பாங்க, தனி சமையல், தொழ எடம். அவருக்கு நல்லம். எனக்குத்தான் மனசு கேக்கா. ஒரு மாசம் ரெண்டு மாசம் போனா அதுவும் சரியாகும். நான் போய் ஒரு தரம் பாத்துட்டு பஸ்ஸுக்கு போற. சட்டிய ஆள் அனுப்பி எடுக்குற.

— நில்லுங்க நானா. சொல்ல வேணாம்னு என் கைய புடிச்சு கேட்டாரு. நானும் சரின்னு சொல்லிட்டேன். ஆனா நீங்க இப்புடி மனச ஆத்திக்கிட்டு பஸ் ஏறிப் போறத பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல.

— ஆரு கேட்ட? எனத்த?

— ஒங்க வாப்பா. மொதல்ல எழுதினப்ப லக்கலக்கி போறவங்கள்ல அவரு பேரு இல்ல. மாகாணத்துல இருந்து வந்த ஆபீசரம்மா ஒவ்வொரு கட்டிலா வந்து சிங்களத்துல பேசிப் பாத்தாங்க. அவரு பேரு, வயசு, இன்னைக்கு என்ன கெழமன்னு எல்லாத்துக்கும் பளிச்சுன்னு பதில் சொன்னாரு. அவங்களே சிரிச்சிட்டு, இவருக்கு இங்க ஒரு கஷ்டமும் இல்ல, இங்கயே இருக்கட்டும்னுட்டாங்க. அவங்க வெளிய போறப்ப, அவரு கம்ப ஊனிக்கிட்டு பின்னாலயே போனாரு. என்னையும் அனுப்புங்கன்னு கும்புட்டு கேட்டு, தம் பேர எழுத வச்சாரு.

— ஏன் ரொஷானி? ஏன் அப்பிடி கேட்ட?

— நானும் அதத்தான் கேட்டேன். 'என்ட மகன் மாசா மாசம் வந்து, ஆரோ மாதிரி நிண்டு எனக்கு சோறு வச்சிட்டு போற, அவன் படுற பாட்ட பாக்க ஏலா மகள், நான் தூரத்துக்கு போயிட்டா வராம ஈக்க அவனுக்கு ஒரு நியாயமாவது கெடைக்குமே'ன்னு சொன்னாரு.