தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போகிற பெண்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். இரண்டு தறியில் தொடங்கி, கருமத்தம்பட்டியில் நாற்பது தறி ஓடும் ஷெட்டைக் கட்டினேன். இரண்டு வீடும் ஒரு கல்யாண மண்டபமும் கட்டினேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை. இப்போது ஷெட்டை மகன் பார்ப்பதால், புதிதாக வந்த ஆட்களுக்கு என் முகம் தெரியாது. நேற்று கோவை பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கலீங்கக்கா. குடிச்சாத்தானே ஒண்ணுக்கு வரும்?”

“ஒட்டகமாட்டம் இருக்கறயே அம்மணி! டாக்டர் என்ன சொன்னாரு?”

“சக்கரை இல்லீங்களாம். அடக்கி அடக்கிக் கிருமி சேந்துபோச்சாம். அதான் அடிக்கடி வருதாம், எரியுதாம். மாத்திரையோட தண்ணி நெறையக் குடிக்கோணுமாம், வந்தா ஒடனே போயிரோணுமாம். இல்லீனா கிட்னிக்கு ஏறீருமாம்.”

“அப்பறமென்ன, போ.”

“எங்க போறதுங்கக்கா? ஷெட்ல பொம்பளைகளுக்குக் கக்கூஸே இல்ல. ரோட்டத் தாண்டிக் காட்டுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள நூலறுந்து கெடக்குது. மேஸ்திரி கத்தறாரு.”

“மொதலாளிகிட்டக் கேளு.”

“கேட்டாச்சுங்க. கக்கூஸ் கட்டுனா பொம்பளைக அங்கயே போயி ஒக்காந்துக்குவாளுகன்னு, மொதலாளியோட அப்பா அந்த எடத்துல ரெண்டு தறியப் போட்டுட்டாராம். இனி எடமில்லையாம்.”

அப்படிச் சொன்னது நான்தான்.

அந்தப் பெண்ணின் நோய்க்கு மகனையோ மேஸ்திரியையோ யாரும் குறை சொல்ல வேண்டாம். அதுவும் ஒருத்தர் கையும் இல்லாமல் நானே செய்தது. குறை சொல்வதானால் என்னையே சொல்லுங்கள்.