தம்பி படகுக்கு வைத்த பேட்டரி

பேட்டரி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெட்டியின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். என் தம்பியும் அந்த ரகம்தான். படகுக்கு நீலம் அடித்திருப்பதால் பேட்டரியும் நீலமாக இருந்தால் தேவலை என்றான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவன் கேட்டு நான் எதை இல்லை என்றிருக்கிறேன்? நீலமே கொடுத்தேன்.

பாய்மரப் படகுதானே, காற்று தள்ளும், பேட்டரி எதற்கு என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். காற்று விழுந்துவிட்டால் எஞ்சினைக் கிளப்ப ஒன்று வேண்டும். விளக்குகளுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக வைப்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. விளக்கு பேட்டரி காலை வாரினாலும், மற்றதை வைத்து எஞ்சினைக் கிளப்பிக் கரை சேர்ந்துவிடலாம். நான் இரண்டையும் ஒன்றாக இணைத்தேன். ஒன்று தீர்ந்தால் மற்றதும் கூடவே தீரும். அது கவனக்குறைவு என்று உங்கள் ஆள் எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். என் வேலையில் எந்த இணைப்பும் தளர்ந்ததில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, படிக்க வைத்தது நான். எனக்கென்று ஒரு கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவன் ஒருநாள் கடைக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே, பெண்டாட்டியோடு அந்தப் படகிலேயே வேறு நாட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னான்.

"அங்கயே இருந்துடலாம்னு இருக்கோம்ணே."

சொல்லிவிட்டு டீக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். நன்றாகத்தான் வளர்த்திருந்தேன்.

பேட்டரிகள் இரண்டும் யாரோ கழித்துப் போட்டுவிட்டுப் போன கிழடுகள். அந்த நீலம் நான் அடித்தது. தம்பி சும்மா இருக்கவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்தான். படகுத்துறையில் கட்டியிருக்கும்வரை கரை மின்சாரத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். அங்கே எந்தக் கிழடும் இளவட்டம் மாதிரி நெஞ்சை நிமிர்த்தும். மீட்டர் வோல்ட்டைச் சொல்லுமே தவிர, எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்லாது. இதை அவனுக்கு நான் கற்றுக்கொடுத்ததில்லை. முள் சரியான இடத்தில் நின்றதும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூடுபனியில் காற்று விழுந்தது, விளக்குகள் அணைந்தன, எஞ்சின் முனகிவிட்டு நின்றது. அந்த வழியாக வந்த சரக்குக் கப்பலுக்கு அப்படி ஒரு படகு எதிரே இருப்பதே தெரியவில்லை, மோதிவிட்டது. மீன்பிடிக்கப் போனவர்கள் தம்பி பெண்டாட்டியை மட்டும் உயிரோடு தூக்கினார்கள். இருட்டில் அவன் கடைசியாகச் சொன்னதை அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

"அண்ணன் போட்டது, தப்பா இருக்காது. நான்தான் எதையோ நோண்டிட்டேன்."

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். அவன் சொன்னது சரிதான் சார். அண்ணன் போட்டதில் தப்பில்லை. நான் எப்படி நினைத்துப் போட்டேனோ அப்படியே வேலை செய்தது.

ஆனால் அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச தூரம் போவான், இருட்டிவிடும், பயந்துபோய் என்னைக் கூப்பிடுவான். நான் போய்ப் படகைக் கட்டி இழுத்து வருவேன். அதற்குப் பிறகு எங்கேயும் போக மாட்டான். அவ்வளவுதான். அவன் கிளம்பியதிலிருந்து கடையில் வயர்லெஸ்ஸைப் போட்டுவைத்து, சாப்பிடக்கூட எழாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கொல்ல நினைக்கிறவன் அப்படிக் காத்திருப்பானா?

பேட்டரி செத்த பிறகு படகு வயர்லெஸ்ஸில் எப்படிக் கூப்பிடுவான் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அந்த வயரையும் நான்தான் இழுத்தேன், எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம். வளர்த்தவனை ஒரு வார்த்தை கூப்பிட அவனுக்கு மனசு வரவில்லை.