வலது காதில் ஒரு வெட்டு

பயிற்சியாளர்: ...அதெல்லாம் சரிண்ணே. இந்தப் படத்துல குதிரை மேல இருக்குற வீரனுக்கு வாள் ஏன் வலது இடுப்புல தொங்குது?

கடைக்காரர்: குதிரை பழக்குறவங்க கண்ணுல அதுதானே முதல்ல படும்! உக்காருங்கம்மா.

பயிற்சியாளர்: கடிவாளமும் வலது கையில. எந்த வீரன் அப்படிப் பிடிப்பான்?

கடைக்காரர்: அங்கதான் சூட்சுமம். படம் போட்டவன் செப்புத் தகட்டுல நேரா செதுக்கிட்டான். அச்சு எடுத்ததும் எல்லாம் இடம் வலமா திரும்பிடுச்சு, கண்ணாடியில பாக்குற மாதிரி.

பயிற்சியாளர்: அடப் பாவமே!

கடைக்காரர்: யானைக்கும் அடி சறுக்கும்மா. குதிரை பழக்குற பழைய பாடப் புத்தகத்துல இருந்த ஏடு இது. முந்நூறு வருஷம்!

பயிற்சியாளர்: நிச்சயமா? நான் எழுதுற புத்தகத்துல போடணும். நாளைக்கு யாராவது போலின்னு சொன்னா என் மானம் போயிடும்.

கடைக்காரர்: இருபது வருஷக் கடை. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவா? முத்திரையும் குத்துறேன்.

பயிற்சியாளர்: இருங்க, பேனாவ வைங்க. அந்த பூதக்கண்ணாடியக் குடுங்க... அடேங்கப்பா! பாரமெல்லாம் பின்னங்கால்ல இறங்கி, முன்னங்கால் மடங்கி... உயிரோட நிக்குது.

கடைக்காரர்: அந்த மடிப்புக்கு மட்டும் ஒம்போது நாளு...

பயிற்சியாளர்: என்னது?

கடைக்காரர்: ஆகியிருக்கும்... ஆகியிருக்கும்னு சொல்ல வந்தேன்.

பயிற்சியாளர்: ம்ம்... வலது காது நுனியில ஒரு வெட்டு இருக்கே?

கடைக்காரர்: அந்தக் குதிரைக்கே அப்படி. என்னமா கவனிச்சிருக்கான் பாருங்க!

பயிற்சியாளர்: அச்சுல வலதுன்னா, நிஜக் குதிரைக்கு இடது காது. இல்லையா?

கடைக்காரர்: அ... ஆமா.

பயிற்சியாளர்: எங்க மைதானத்துல கருப்பின்னு ஒருத்தி. போன மழைக்கு கம்பி வேலியில இடது காதக் கிழிச்சுக்கிட்டா. நெத்தியில இதே சுழி.

கடைக்காரர்: குதிரைன்னா... ஒண்ணு மாதிரி இன்னொண்ணு...

பயிற்சியாளர்: அண்ணே, என் காதுல பூ சுத்தாதீங்க. இந்தாங்க பேனா. முந்நூறு வருஷம்னு எழுதுங்க பாப்போம்.

கடைக்காரர்: முத்திரைய எங்க வச்சேன்... முதல்ல அதத் தேடிட்டு வரேனே.

பயிற்சியாளர்: எழுதுங்க.

கடைக்காரர்: கை வரலம்மா. நான்தான் செதுக்கினேன். என் பேரப் போட்டு மாட்டினப்ப ஒருத்தரும் நின்னு பாக்கல. வயிறு எரிஞ்சுது. பழசுன்னு சொன்னேன், கூட்டம் வந்துச்சு. தினமும் காலையில உங்க வேலிக்கு வெளிய நின்னு... வெக்கமா இருக்கும்மா. ஊர் பூரா சொல்லிடுவீங்களா?

பயிற்சியாளர்: வேலிக்கு வெளிய நோட்டும் கையுமா நின்ன ஆள எனக்குத் தெரியாதா? உங்க வாயால வரட்டும்னுதான் இவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன். புத்தகத்துக்கு இன்னும் பதினோரு படம் வேணும். நாளைலேர்ந்து உள்ள வந்து நில்லுங்க. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் உங்க பேரு இருக்கணும்... அதையாவது தகட்டுல திருப்பிச் செதுக்குங்க!